கயிற்றுப் பாலத்துக்கு அப்பால்

அயர்லாந்துத் தீவின் வடகோடியில், ஆண்ட்ரிம் கடற்கரையில் பாலின்டாய் என்னும் கிராமத்துக்கு அருகே 'காரிக்-எ-ரீட்' என்று ஒரு சின்னஞ்சிறு பாறைத் தீவு இருக்கிறது. அங்குள்ள ஊசலாடும் பாலத்தைக் காண்பதற்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் போனேன், உண்மையை மறைப்பானேன்?

செங்குத்தான கரையின் மேலாகச் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இடது புறம் சமுத்திரம். காலடியில் சுண்ணாம்புப் பாறை வெள்ளை வெளேரென்று இறங்குகிறது. எதிரே எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை. தூரத்தில் ராத்லின் தீவு. வானம் தெளிந்திருந்தால் ஸ்காட்லாந்தின் கரைகூடத் தெரியும். கடற்பறவைகள் போடும் கூச்சலில் பக்கத்தில் வருபவர் பேசுவது காதில் விழாது.

பிறகு படிகள், படிகளின் முடிவில் பாலம். நீளம் சுமார் 66 அடி. கீழே கடல் 100 அடி ஆழத்தில். 2008-ஆம் ஆண்டில் எஃகு வடங்களால் பத்திரமாக அமைத்த பாலம்தான். இருந்தாலும் என் முழங்கால்களுக்கு அந்தச் சமாசாரம் எட்டவில்லை! முதன்முதலில் 1755-இல் இங்கே பாலம் கட்டியவர்கள் ஸால்மன் மீன் பிடித்த செம்படவர்கள். மீன் பருவம் தொடங்கும்போது அதைக் கட்டுவார்கள், முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். 1970-களில்கூடப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கயிறும், இடைவெளி விட்ட பலகைகளுந்தான் இருந்தன. அதன் மீது மீன் சுமையுடன் நடந்தார்கள் என்பதை நினைத்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

ஸால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றையே தேடி வரும் விசித்திரமான மீன். (நம் பக்கத்துக் காலா மீனுக்கு ஆங்கிலேயர் 'இந்திய ஸால்மன்' என்று பெயர் சூட்டினார்கள். இரண்டுக்கும் உறவு ஏதும் கிடையாது.) புஷ், பான் நதிகளை நோக்கி மேற்கே செல்லும் மீன் கூட்டத்துக்கு இந்தத் தீவு குறுக்கே நிற்கிறது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றும் இடத்திலே வலை காத்திருக்கும். பாறையிலிருந்து கடலுக்குள் நீளும் வலைச் சுவர் மீனைத் திருப்பிவிடும். அது போய்ப் பை போன்ற வலைக்குள் புகுந்துகொள்ளும்.

தீவின் மறுபுறத்தில் காற்றுக்கு ஒதுங்கினாற்போல் வெள்ளையடித்த மீனவர் குடிசை ஒன்று நிற்கிறது. படகையும் வலையையும் காத்து நின்ற அந்தச் சுவர்களுக்கு இப்போது வேலையில்லை. 1960-கள் வரையில் இங்கே நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 300 மீன் கிடைத்ததாம். 2002-இல், பருவம் முழுவதற்குமே 300 தான்! அத்துடன் 1620 முதல் நடந்துவந்த தொழில் முடிந்தது. நடுக்கடலில் கிரீன்லாந்து வரையில் விரித்த வலைகளும், ஆறுகளில் கலந்த அழுக்கும் செய்த காரியம் அது. பாலம் கட்டியவன் போய்விட்டான். பாலத்துக்கோ முன்னெப்போதும் இல்லாத கூட்டம்.

திரும்புகையில் எனக்கு முன்னால் சென்ற ஒரு சிறுவன் பாலத்தின் நடுவே நின்று, மீன் தெரிகிறதா என்று குனிந்து தேடினான். "வடத்தைப் பிடித்துக்கொள்ளடா!" என்று சொல்வதுபோல் அவன் தாயார் ஏதோ அதட்டினாள். நானும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.