பிராட்வேயில் ஒரு பொட்டிச் சண்டை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன், நேத்து ராத்திரி வீட்டுல நடந்த சண்டைதான் எழுத வச்சது.

மகள்கிட்ட மேக். பையன்கிட்ட விண்டோஸ். "உன் பொட்டில ஒரு நல்ல கேம் ஓடாது"ன்னு அவன். "உன் பொட்டி அப்டேட் ஆகி முடிக்கிறதுக்குள்ள நான் அசைன்மெண்ட்டே முடிச்சிடுவேன்"னு அவ. தங்கமணி மட்டும் சாப்பாட்டுத் தட்டை டொக்குனு வச்சு, "ரெண்டு பொட்டியையும் மூடிட்டு வாங்க"ன்னாங்க. மெல்போர்ன் குளிர்ல சாம்பார் ஆறிக்கிட்டு இருக்கு, இவங்க நிறுத்தின பாடில்லை.

வழக்கமா நான் சிரிச்சிருப்பேன். நேத்து சிரிப்பு வரலை. கொசுவத்திச் சுருள் சுத்த ஆரம்பிச்சிடுச்சு...

2002. கோவில்பட்டிக்காரனான எனக்கு எர்ணாகுளத்துல வேலை. வாடகை குறைச்சல்னு ஜாகை மட்டாஞ்சேரியில. குஜராத்தி, கொங்கணி, தமிழ், மலையாளம்னு நாலு பாஷையும் ஒரே தெருவுல கேக்கும். காலையில ஜெட்டிக்குப் போய் போட் பிடிச்சா அக்கரையில எர்ணாகுளம். ஆபீஸ் முடிஞ்சதும் நேரா பிராட்வே. பேருதான் பிராட்வே, ரெண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தா ஒண்ணு கடைக்குள்ள ஏறணும் :-) துணி, பாத்திரம், குடை, நோட்டுப் புத்தகம், டிசம்பர் வந்தா கடைக்குக் கடை தொங்குற கிறிஸ்துமஸ் ஸ்டார். அங்க இருந்த கடைக்காரங்களுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கறதுதான் என் சைடு பிசினஸ்.

நான் பக்கா விண்டோஸ் ஆளு. அதுக்குக் காரணமும் இருந்தது. எந்தக் கடைக்காரரும் கேக்கற முதல் கேள்வி, "டேலி ஓடுமோ?" அது விண்டோஸ்லதான் ஓடும். அத்தோட அந்தச் சண்டை முடிஞ்சது.

முடியலைன்னு சொன்னவர் மாஷ். பக்கத்து வீடு, ஸ்கூல் வாத்தியார். கேரளாவுல வாத்தியார்னா மாஷ்தான், பேரெல்லாம் யாரும் கூப்பிடறதில்லை. அவர் என்னை 'அண்ணாச்சி'ம்பார். மனுஷன் லினக்ஸ் பைத்தியம். காலைல போட்ல ஏறினதும் பக்கத்துல உட்கார்ந்து ஆரம்பிச்சிடுவார்.

அவர் பைத்தியத்துக்கும் காரணம் உண்டு. 2001-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வச்சுட்டுப் போயிருந்தார். அதே வருஷம்தான் கேரள அரசு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தை ஆரம்பிச்சது. முதல்ல வந்த பாடம் விண்டோஸை வச்சுத்தான். "அரசாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஒரு கம்பெனிக்குக் கஸ்டமரா வளர்க்கணுமா?"ன்னு ஆசிரியர் சங்கமே எதிர்த்துச்சு. நம்ம ஊர்ல கட்சிச் சண்டை நடக்கிற மாதிரி அங்க ஆபரேட்டிங் சிஸ்டம் சண்டை நடந்தது. டீக்கடை வரைக்கும் வந்துச்சு.

மாஷ் கடைசியில ஜெயிச்ச பக்கம்தான். பத்து வருஷத்துக்குள்ள கேரளப் பள்ளிக்கூடங்கள் முழுக்க லினக்ஸுக்கு மாறிடுச்சு. 2019-ல அந்தத் திட்டத்தோட வாரிசான கைட் நிறுவனம், உபுண்டுவை வச்சுச் செஞ்ச புதுப் பதிப்பை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டருக்குன்னு வெளியிட்டது. லைசென்ஸ் காசுல மட்டும் 3000 கோடி மிச்சம்னு சொன்னாங்க.

நம்ம பக்கமும் முயற்சி நடக்காம இல்லை. எல்காட்டுல உமாசங்கர் இருந்தப்போ ஆபீஸையே லினக்ஸுக்கு மாத்தினார். 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்க சித்தப்பா பொண்ணு அதை வாங்கினா. அந்த இன்னொண்ணைத் திறந்து பார்த்தியான்னு கேட்டேன். "எது இன்னொண்ணு?"ன்னா. பாடமும் பரிட்சையும் சேர்ந்து மாறலைன்னா பொட்டி மட்டும் மாறி என்ன செய்ய?

சரி, 2003-க்கு வருவோம். அப்பா போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மாவோட மூணு மாசம் எங்ககூட வந்து தங்கினார். பொழுது போகலை. "தம்பி, உன் பொட்டில தமிழ் அடிக்கலாமாடா?"ன்னார். ஒரு தமிழ் டிடிபி பேக்கேஜ் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கால பேக்கேஜுக்கெல்லாம் பிரிண்டர் போர்ட்ல ஒரு பூட்டு செருகணும், இல்லைன்னா திறக்காது. நான் போட்டது பூட்டை உடைச்ச காப்பி. நண்பர் ஒருத்தர் கொடுத்தது. ஹி ஹி.

அப்பா தினமும் காலைல குளிச்சு விபூதி பூசி, பூஜைக்கு உட்கார்ற மாதிரி உட்கார்ந்து அடிப்பார். தாத்தா சாத்தூர்ல வச்சிருந்த கடை, தந்தி வந்த வீடுகள், சின்ன வயசுல செத்துப்போன அத்தை, எல்லாம். மாஷ் எட்டிப் பார்த்துட்டு என்கிட்ட தனியாச் சொன்னார்: "அண்ணாச்சி, யூனிகோடுல அடிக்கச் சொல்லு. இது நாளைக்குத் திறக்காது."

நான் சிரிச்சேன். என் பொட்டில இருந்தது விண்டோஸ் 98, அதுல யூனிகோடு தமிழ் சரியா வராது. எக்ஸ்பி போட்டிருக்கலாம். போடலை. மாஷ் சொல்லி நான் கேக்கறதாங்கற திமிர், வேறென்ன.

அடுத்த வருஷம் ஓணம் சமயம். பிராட்வேயில ஒரு நோட்டுப் புத்தகக் கடை, ஆறு பொட்டிக்கு ஆர்டர் வர்ற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மாஷும் அங்க நின்னார். லினக்ஸ் போட்டா சாஃப்ட்வேருக்குக் காசே வேண்டாம்னு முதலாளிகிட்ட ஆரம்பிச்சார். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "ஓசியில கிடைக்கிறதுக்கு மரியாதை கிடையாது மாஷே"ன்னேன். அவர் நிதானமா, "அண்ணாச்சி, உன் பையில இருக்கிற சிடி காசு கொடுத்து வாங்கினதா?"ன்னு கேட்டார்.

கடையில இருந்த அத்தனை பேரும் என் பையைப் பார்த்தாங்க.

ஆர்டர் போச்சு. அன்னையிலிருந்து நான் அடுத்த போட்ல போக ஆரம்பிச்சேன். 2006-ல ஆஸ்திரேலியா கிளம்பறப்போ தெருவுல எல்லாருக்கும் சொன்னேன், அவர்கிட்ட மட்டும் சொல்லலை.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? யாருக்காக நாம சண்டை போட்டோமோ, அவங்க எப்பவோ கை குலுக்கிட்டாங்க. 1997 ஆகஸ்ட்ல பாஸ்டன் மேக்வேர்ல்ட் மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் நிக்கறார், பின்னாடி பெரிய திரையில பில் கேட்ஸ் முகம். மைக்ரோசாஃப்ட் ஆப்பிள்ல 15 கோடி டாலர் போடுதுன்னு அறிவிப்பு. கூட்டத்துல இருந்த ஆப்பிள் பக்தர்கள் கூச்சல் போட்டாங்க. லினக்ஸைப் புற்றுநோயோட ஒப்பிட்டு 2001-ல பேசினார் மைக்ரோசாஃப்டோட ஸ்டீவ் பால்மர். அதே கம்பெனி 2016-ல லினக்ஸ் அறக்கட்டளையில காசு கட்டி உறுப்பினரா சேர்ந்தது. அவங்களுக்கு அது வியாபாரம். நமக்குத்தான் அது மானப் பிரச்சினை.

அப்பா 2016-ல போயிட்டார். 2022-ல ஊருக்குப் போனப்போ அம்மா ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாங்க. உள்ள ரெண்டு ஃப்ளாப்பி, அப்பா கையெழுத்துல 'எங்கள் குடும்பம் 1', 'எங்கள் குடும்பம் 2'. கூடவே ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்தது. "இதைத் திறந்து கொடுடா, படிக்கணும்"னாங்க.

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினேன். திறந்தா ஒரே குப்பை. அந்த எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தை உட்கார வச்சவை. பாமினியை எடுத்துக்கிட்டா, 'அம்மா'ன்னு அடிச்சது உள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னுதான் இருக்கும். எழுத்துரு இருந்தாத்தான் அது அம்மா. பாமினிக்காவது ஊரெல்லாம் மாற்றி கிடைக்குது. அப்பா அடிச்ச பேக்கேஜுக்குத் தனிக் கணக்கு. அந்த சிடியும் இல்லை, விக்கிறவங்களும் இல்லை. மாஷ் சொன்ன 'நாளைக்கு' வந்துடுச்சு.

மூணு நாள் யோசிச்சுட்டு, பழைய வீட்டு ஓனர்கிட்ட நம்பர் வாங்கி மாஷுக்குப் போன் போட்டேன். பதினெட்டு வருஷம். என்ன சொல்றதுன்னு தெரியாம விஷயத்தை மட்டும் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணாச்சி, ஃபைல் அயக்கு. வழக்கு பின்னே நோக்காம்."

ஃபைலை அனுப்பு, சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்.

மனுஷனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்த ஒத்தைப் பக்க பிரிண்ட்தான் சாவி. நான் போன்ல ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல, எந்த எண் எந்த எழுத்துன்னு அவர் பட்டியல் போட்டார். 'கொ' மாதிரி எழுத்துதான் ரொம்பப் படுத்திச்சு. பழைய எழுத்துருவுல ஒற்றைக்கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசையில இருக்கும். யூனிகோடுல முதல்ல க, அப்புறம் ஒகரக் குறி. எல்லாத்தையும் திருப்பி அடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினார், அவரோட லினக்ஸ்ல. வந்ததை என் விண்டோஸ்லயும் மகளோட மேக்லயும் திறந்து பார்த்தோம். மூணுலயும் ஒரே மாதிரி அப்பா பேசினார்.

முதல் ஃப்ளாப்பி முழுசா வந்தது, 31 பக்கம். ரெண்டாவதுல மட்டாஞ்சேரி மழைக்காலத்துப் பூஞ்சை. நாலு பக்கம் வரவே இல்லை. பின்னாடி பக்கங்களை வச்சுப் பார்த்தா, அந்த நாலு பக்கமும் அப்பா அம்மாவைப் பொண்ணு பார்க்கப் போன கதை. 2003-ல ஒரு மணி நேரம் செலவழிச்சு நான் எக்ஸ்பி போட்டு, சாதா டெக்ஸ்டா ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தா இன்னைக்கு அது இருந்திருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. என் கட்சி ஜெயிக்கணும்னு நினைச்சேன், அவ்வளவுதான்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது எனக்குத்தான் தெரியுமேடா. நான் சொல்றேன், நீ அடி"ன்னாங்க. கொஞ்சம் யோசிச்சு, "ஆனா அவர் எழுதின மாதிரி இருக்காது. அன்னைக்கு அவர் ஒண்ணும் அவ்வளவு அழகா இல்லை"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை தோறும் போன்ல அம்மா சொல்ல நான் அடிக்கிறேன். யூனிகோடுலதான். நாலு பக்கத்துக்குப் பதிலா இதுவரைக்கும் பதினேழு பக்கம் ஆச்சு. மாஷுக்கும் ஒரு காப்பி போகுது, அவர் பையன் செல்லுல சத்தமா வாசிக்க வச்சுக் கேக்கறாராம்.

நேத்து பிள்ளைங்ககிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். ரெண்டும் அமைதியா கேட்டுதுங்க. முடிஞ்சதும் பையன், "அப்பா, அந்த டிடிபி ஃபைல் மேக்ல இருந்திருந்தாலும் போயிருக்கும்ல?"ன்னான். மகள் உடனே, "போயிருக்காது"ன்னா. மறுபடி ஆரம்பிச்சிடுச்சு...

டிஸ்கி: உங்க வீட்டு அலமாரியிலயும் ஃப்ளாப்பியோ சிடியோ கிடக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்க. எந்தப் பொட்டியா இருந்தாலும் சரி, யூனிகோடுல ஒரு காப்பி, சாதா டெக்ஸ்டா ஒரு காப்பி, பேப்பர்ல ஒரு பக்கமாவது பிரிண்ட். அந்த ஒரு பக்கம் இல்லைன்னா எனக்கு இந்த 31 பக்கமும் கிடைச்சிருக்காது.