பஸ் ஓடாத நாள்

லண்டனில் டிசம்பர் 25 அன்று சுரங்க ரயிலும் பஸ்ஸும் ஓடுவதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நிலையத்தின் பூட்டிய இரும்புக் கதவு சொல்லிற்று. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக்கூடாதென்று 2004இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். நிசப்தத்துக்கும் சட்டம் வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் என்றால் சப்தம்: இரவெல்லாம் கீத பவனி, வெடி, எந்த வீட்டிலும் நுழைந்து முறுக்கு தின்னும் உரிமை. இங்கே அது உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் பண்டிகை. வந்து மூன்று மாதமான எனக்குத் தட்ட ஒரு கதவு இல்லை.

நடந்தேன். திறந்திருந்தது ஒரு சர்ச். நான் உபதேசியார் மகன். பதினோரு வருஷமாகச் சர்ச்சுக்குள் கால் வைக்காதவன். குளிருக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் பத்துப் பன்னிரண்டு கிழவிகள். ஆர்கனில் தெரிந்த ராகம். அவர்கள் ஆங்கிலத்தில் பாட, என் வாய் அப்பா கற்றுக்கொடுத்த தமிழ் வரிகளை முணுமுணுத்தது. பாட்டு முடியும்வரை அதை நிறுத்த முடியவில்லை.

மூன்றரை மணிக்கே இருட்ட ஆரம்பித்தது. ஊரில் ஒன்பது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“கோயிலுக்குப் போனியாலே?”

“இன்னைக்கு இங்க பஸ் ஓடாதுப்பா” என்றேன்.