கார்டைத் தேய்க்கும் முன்

கச்சிராயபாளையம்,
மாசி 12.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அக்காவின் முட்டி வலிக்கு எண்ணெய் அனுப்பினேனே, தேய்க்கிறாளா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாளா?

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ சேராப்பட்டிலிருந்து பேசினாய், பாதிப் பேச்சு காற்றோடு போய்விட்டது. போனில் சொல்லித் தீருகிற சங்கதியும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தத் தாளைக் கிழித்துப் போடாதே. ஓட்டு எண்ணி முடித்த பிறகும் உனக்கு வேலை இருக்கிறது.

நீ கேட்டது இதுதான். "சிநேகிதன் சங்கராபுரம் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறான். செலவுக் கணக்கு என் பொறுப்பு. ஜீப்புக்கு டீசல், நோட்டீஸ், மைக் செட் எல்லாவற்றையும் இப்போதைக்கு என் கிரெடிட் கார்டிலேயே தேய்த்துவிடுகிறேன். வசூல் வந்ததும் அடைத்துக்கொள்ளலாம். ஸ்டேட்மென்டில் எல்லாம் பதிவாகிவிடுமே மாமா, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லையே." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கார்டு யார் எங்கே எவ்வளவு தேய்த்தார் என்பதை மட்டும்தான் சொல்லும். யாருடைய பணம் என்று தேர்தல் அதிகாரி கேட்டால் உன் பெயரைத்தான் காட்டும். அவருக்கு வேண்டியது வேட்பாளரின் பெயர்.

முதல் வேலை வங்கிக் கணக்கு. மனு தாக்கல் செய்வதற்கு ஒரு நாளாவது முன்பு, தேர்தலுக்கென்றே புதிதாக ஒரு கணக்கு திறக்க வேண்டும். சம்பளம் வரும் பழைய கணக்கு உதவாது. வேட்பாளர் பெயரில் தனியாக இருக்கலாம், தேர்தல் முகவரோடு கூட்டாகவும் இருக்கலாம். முகவராக இல்லாத பெண்டாட்டி, அண்ணன், தம்பியோடு கூட்டாகத் திறக்கக் கூடாது. கூட்டுறவு வங்கியிலும் திறக்கலாம், தபால் ஆபீசிலும் திறக்கலாம் என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு வசதி. கணக்கு எண்ணை மனுவோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வேட்பாளர் தன் சொந்தச் சட்டைப் பையிலிருந்து செலவு செய்வதானாலும், அந்தப் பணம் முதலில் இந்தக் கணக்குக்குள் போய்விட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

ரொக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு ஆளுக்கோ ஒரு கடைக்கோ தேர்தல் முடியும்வரை மொத்தமாக 10,000 ரூபாய். முன்பு 20,000 ஆக இருந்தது, 2018 நவம்பரில் பாதியாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் போனால் அக்கவுன்ட் பேயி செக், டிராப்ட், ஆர்டிஜிஎஸ், நெஃப்ட், அல்லது அந்தத் தேர்தல் கணக்கோடு இணைந்த வேறு மின்னணு வழி. "இணைந்த" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள். அந்தக் கணக்கின் டெபிட் கார்டு இணைந்தது. அந்தக் கணக்கைப் போட்டு வைத்த ஜிபே இணைந்தது. உன் கிரெடிட் கார்டு உனக்கும் உன் வங்கிக்கும் நடுவே உள்ள கடன். அதற்கும் சிநேகிதன் கணக்குக்கும் என்ன உறவு? உன்னால் கொடுக்க முடிந்ததை அவன் தேர்தல் கணக்குக்கு அனுப்பு. நன்கொடை என்றோ கடன் என்றோ உன் பெயர் போட்டு எழுதட்டும். பிறகு அங்கிருந்து செலவாகட்டும். ஒரு படி கூடுதல்தான், ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

இதெல்லாம் நான் சட்டம் படித்துச் சொல்வதில்லை, பட்டுச் சொல்வது. 2016இல் ஒரு நண்பருக்குக் கணக்கு எழுதினேன், அக்காவுக்குத் தெரியும். சொசைட்டியில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய திமிர். பையன்களுக்கு ஒரே ஓட்டலில் சாப்பாடு. தினமும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ரொக்கமாகக் கொடுத்து, தினமும் பில்லும் வாங்கி வைத்தேன். அப்போதைய வரம்பு 20,000. ஒவ்வொரு பில்லும் அதற்குள் அடக்கம் என்று நான் நிம்மதியாக இருக்க, ஒரே ஓட்டலின் பில்களை அதிகாரி ஒன்றாக அடுக்கி ஒரு கூட்டல் போட்டார். தொலைந்தேன். வரம்பு நாளுக்கு என்று நான் நினைத்திருந்தேன், அது முழுத் தேர்தலுக்கும். நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26இல்தானே பிறந்தது. அப்போது கலெக்டர் ஆபீசுக்கு விழுப்புரம் போக வேண்டும். பஸ் மாறி மாறிப் போய் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். தகுதிநீக்கம் ஆகாமல் தப்பினோம். ஆனால் அந்த நண்பர் அதற்குப் பிறகு என்னிடம் கணக்கு எதுவும் கேட்பதில்லை, கல்யாண மொய் நோட்டுகூட.

உனக்கு அந்த ஓட்டலின் இடத்தில் டீசல் பங்க் வரும். கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குகிற ஜீப் எவ்வளவு குடிக்கும் என்று உனக்கே தெரியும். கீழே ஒரே பங்கில்தான் போடுவீர்கள். முதல் நாளிலிருந்தே அங்கே தேர்தல் கணக்கின் டெபிட் கார்டைத் தேய். அந்தச் சீட்டை அன்றைக்கே ஜெராக்ஸ் எடு. ஸ்வைப் மிஷின் துப்புகிற தாளில் எழுத்து நாளாக நாளாக வெளிறிப்போகும், ஜீப் டேஷ்போர்டு வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கணக்குக் கொடுக்கிற நாளில் கையில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். ஜெராக்ஸின் ஓரத்தில் வண்டி எண், எந்த ஊருக்குப் போனது, யார் ஓட்டினார் என்று பேனாவால் எழுது. கார்டுச் சீட்டில் தொகை இருக்கும், காரணம் இருக்காது.

ஜிபேயில் வேறொரு வம்பு. டீக்கடை மாடசாமி கடையாக இருக்கும், கியூஆர் அட்டை அவர் மருமகள் பெயரில் இருக்கும். (மாடசாமி என்று சும்மா எழுதினேன், தேடாதே.) வங்கிப் பதிவேட்டில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்றால் கேள்வி வரும். பில்லிலேயே "தொகை இன்னார் எண்ணில் பெறப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கு. வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே போனால் டவர் கிடைக்காது என்கிறாய். அங்கே ரொக்கம்தான் வழி, அதில் தப்பும் இல்லை. இன்னாட்டில் ஒரு கடை, தொரடிப்பட்டில் ஒரு கடை என்று போகிற சில்லறைச் செலவு பத்தாயிரத்தை எங்கே தொடப் போகிறது? தேர்தல் கணக்கிலிருந்து எடுத்த ரொக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் பில் புத்தகம் இருக்காது. நீயே ஒரு வவுச்சர் புத்தகம் வைத்துக்கொள். தேதி, என்ன செலவு, தொகை, வாங்கியவர் பெயர், ஊர், கையெழுத்து அல்லது கைநாட்டு. தபால் தலை, ரயில் டிக்கெட் போன்றவற்றுக்குத்தான் ரசீது இல்லாமல் சலுகை. டீக்கு இல்லை.

ரொக்கத்தை மலைக்கு எடுத்துப் போவதிலும் கவனம். அடிவாரத்தில் நிலையான கண்காணிப்புக் குழு நிற்கும், ராத்திரியில் பறக்கும் படை வரும். வேட்பாளரோ அவர் ஆட்களோ போகிற வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் ஆகலாம். ஏடிஎம் சீட்டும், வங்கிப் புத்தகத்தின் நகலும் பையில் இருக்கட்டும். சண்டை போடாதே. வீடியோ எடுப்பார்கள், அண்ணே என்று பேசு.

தேர்தல் ஆபீசில் மூன்று நிறத் தாளில் ஒரு பதிவேடு தருவார்கள். வெள்ளையில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரசார நாட்களில் மூன்று முறை அதைச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். காட்டாமல் இழுத்தால் வண்டி அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்கள் பக்கத்திலும் உன் கூட்டங்களை வீடியோ எடுத்து, நாற்காலியை எண்ணி, மாவட்டத்தில் நிர்ணயித்த விலைப் பட்டியலால் பெருக்கி ஒரு நிழல் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார்கள். மாமா தெரிந்தவர் என்று பந்தல்காரர் பாதி விலைக்குப் போட்டாலும், பட்டியல் விலைதான் ஏறும். நோட்டீஸ் விஷயத்திலும் ஏமாற்ற முடியாது. அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் நோட்டீசில் இருக்க வேண்டும், அச்சடிக்கும் முன் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு அச்சகத்தாரிடம் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். நீ சொல்வதற்கு முன்பே கணக்கு அச்சகத்திலிருந்து அதிகாரியிடம் போயிருக்கும்.

சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம், 2022 ஜனவரியில் 30.8 லட்சத்திலிருந்து ஏற்றியது. உங்களுக்கு அது கவலையே இல்லை, இரண்டு லட்சம் தேறினால் பெரிய விஷயம். ஆனால் வரம்பைத் தாண்டாதவனும் மாட்டுவான் என்பதுதான் இதில் உள்ள முள். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்எல்ஏ உம்லேஷ் யாதவ் என்ற அம்மாளை 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் மூன்று வருஷம் தகுதிநீக்கம் செய்தது. செய்தி வேஷத்தில் வந்த விளம்பரத்துக்குக் கொடுத்த 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்பதுதான் குற்றம். ஜெயித்த பதவியே போயிற்று.

முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஜெயித்தாலும், டெபாசிட் போனாலும். தோற்றவன் "இனிமேல் என்ன" என்று நோட்டை மூலையில் எறிந்துவிடுவான். அப்படி எறிந்த சுயேச்சைகளுக்குத்தான் மூன்று வருஷத் தடை அதிகம் விழுகிறது. உன் சிநேகிதன் மலையாளி பழங்குடி என்பதால் டெபாசிட் ஐயாயிரம்தான். ஐயாயிரம் போனால் போகிறது, அடுத்த தேர்தலில் நிற்கும் உரிமை போகக் கூடாது. ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. அங்கிருந்து ஒரு பையன் பொதுத் தொகுதியில் தன் காலில் நிற்கிறான். உன் சோம்பலால் அவன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் நான் உன் வீட்டில் காபி குடிக்க மாட்டேன்.

நியூஜெர்சியில் இருக்கும் உன் மச்சானிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே பிரசாரக் குழுக்கள் கிரெடிட் கார்டே வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் கார்டு கம்பெனிக்கு இவ்வளவு கட்டினோம் என்று எழுதித் தப்ப முடியாது. பெரிய தொகை என்றால் எந்தக் கடையில், எதற்கு என்பதும் அறிக்கையில் வர வேண்டும். 200 டாலருக்கு மேற்பட்ட செலவுக்கு ரசீது வேண்டும், ரொக்கம் ஒரு தடவைக்கு 100 டாலர்தான். அவர்களும் கடைசியில் கடைக்காரர் பெயரில்தான் வந்து நிற்கிறார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. எனக்கு இந்த விதிகள் மேல் கோபமும் உண்டு. வேட்பாளருக்கு உச்சவரம்பு, கட்சிக்கு வரம்பே கிடையாது. ஓட்டுக்கு நோட்டு கொடுக்கிறவன் எந்தக் கார்டைத் தேய்க்கிறான், எந்த மஞ்சள் தாளில் எழுதுகிறான்? 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப்பட்டுவாடாவுக்காக ரத்து செய்தார்கள், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும். அந்தப் பணத்துக்கு வவுச்சர் கிடையாது. வலை சின்ன மீனைத்தான் பிடிக்கிறது. அதற்காக நோட்டு எழுதாமல் இருக்கலாம் என்று ஆகாது, மாப்பிள்ளை. உன் நோட்டு சுத்தமாக இருந்தால்தான் அடுத்தவன் நோட்டைக் கேட்கும் வாய் உனக்கு இருக்கும். அதற்கு விதியிலேயே இடம் உண்டு. எந்த வேட்பாளரின் கணக்கையும் ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் முடிந்ததும் நாம் இருவரும் போய்ப் பெரிய ஆட்களின் கணக்கைப் பார்ப்போம், கட்டணம் என் செலவு.

கடைசியாக நீ விளையாட்டாகக் கேட்டாயே, பையன்களுக்கு வாங்கும் சரக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று. எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. ஓட்டுக்காகக் கொடுத்தால் அது செலவில்லை, குற்றம். 2024 ஜூனில் விஷச் சாராயத்தால் கருணாபுரம் தெருவில் வரிசையாகப் பிணம் கிடந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அறுபதுக்கும் மேலான உயிர். விளையாட்டாகவும் அந்தப் பேச்சை எடுக்காதே.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வங்கியில் கணக்கு திறக்கச் சிநேகிதனின் ஆதார், பான், இரண்டு போட்டோ தயாராக இருக்கட்டும். செக் புத்தகமும் டெபிட் கார்டும் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், மறந்தால் வந்து சேர ஒரு வாரம் போய்விடும். வவுச்சர் புத்தகம் இரண்டு நான் எடுத்து வருகிறேன், பன்னிரண்டாவது பக்கம் வரை பழைய சொசைட்டி முத்திரை இருக்கும், கிழித்துவிடுவோம். அக்காவிடம் எனக்குச் சாமைச் சோறு வைக்கச் சொல்.

அன்புடன்,
மாமா.