கண்ணாடித் தகட்டில் ஆடும் உருவங்கள்

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, அது உயிரோடு அசைவதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இது காளான், அது கிருமிக்குஞ்சு" என்று பயமுறுத்துகிறவர்களிடம் நீங்கள் அகப்பட்டதுண்டா?

நான் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் உருப்பெருக்கியில் கண் பதித்து, ஓய்வு பெற்றுப் புக்கிட் பாத்தோக்கில் இருப்பவள். திரையில் தெரியும் உருவங்கள் மெய்தான். அவற்றுக்குச் சூட்டும் பெயர்களில்தான் வில்லங்கம்.

சொட்டு உடம்பை விட்டு வந்ததுமே மாறத் தொடங்கிவிடும். ஓரம் உலர்கிறது, கண்ணாடியும் தன் வேலையைக் காட்டுகிறது, வழவழப்பான சிவப்பணு ரம்புத்தான் பழம்போல முள்முள்ளாகிவிடும். சொட்டு தடித்த இடத்தில் அணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ளும். சில நோய்களில் இரத்தத்தில் புரதம் கூடினாலும் இப்படி அடுக்கும். அதனால்தான் நாங்கள் மெல்லிய இடமாகத் தேடிப் பார்ப்போம். இரத்தம் உறையும்போது நூலிழைகள் தோன்றும். துடிக்கும் புள்ளிகளா? காலையில் நெய்ப் பரோட்டா சாப்பிட்டிருந்தால் கொழுப்புத் துகள்கள் அப்படித்தான் ஆடும். உயிரற்ற தூசும் நீரில் அவ்வாறே ஆடும் என்பதை ராபர்ட் பிரவுன் 1827-லேயே கவனித்தார். ஜெர்மனியின் குந்தர் எண்டர்லைன் இத்தகைய புள்ளிகளே வளர்ந்து கிருமிகளாகும் என்றார். விஞ்ஞானம் அதை ஏற்கவில்லை.

அப்படியானால் பச்சை இரத்தத்தைப் பார்ப்பதே வீணா? அதுவும் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகளை வாரிக்கொண்டு போன மலேரியாவின் கிருமி அகப்பட்டதே அப்படித்தான். 1880 நவம்பர் 6-ஆம் தேதி, அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் இராணுவ மருத்துவமனையில், அல்போன்ஸ் லாவெரான் சாயம் ஏற்றாத இரத்தத்தில் சாட்டைபோல் வால் வீசும் உருவத்தைக் கண்டார். கண்டதும் பறைசாற்றி, மருந்து விற்கக் கிளம்பவில்லை. 192 நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்து, 148 பேரிடம் அக்கிருமியின் பிறை வடிவத்தைக் கண்டார். இன்னொரு வேடிக்கை: அந்த வால்வீச்சு மனித உடம்புக்குள் நடப்பதே அல்ல! கொசுவின் வயிற்றில் நடக்க வேண்டியது, சொட்டு வெளியே வந்து குளிர்ந்ததால் தகட்டிலேயே நடந்தது. அதன் பொருள் தெளிவாக 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் புளோக்கில் நான்காம் மாடி அக்கா சென்ற ஆண்டு இத்தகைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். "உள்ளே புழு நெளியுதாம், தங்கச்சி. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு இந்தப் பொடியைக் குடிக்கட்டுமா?" என்றார். கை நடுங்கியது. படத்தில் இருந்தது உறைநூலும் முள்ளணுவும்தான். வழக்கமான முழு இரத்தச் சோதனையும், சாயம் ஏற்றிய தகடும், சர்க்கரை அளவும் பார்க்கச் சொல்லி, மறுநாள் பலதுறை மருந்தகத்துக்கு நானே கூட்டிப்போனேன். சர்க்கரைதான் ஏறியிருந்தது, புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை.

அக்கா மாத்திரையை விடவில்லை. பொடி டின் மட்டும் குளிர்பெட்டியின் மேலேயே இருக்கிறது. கொடுத்த வெள்ளியை நினைத்தால் எறிய மனம் வரவில்லையாம்.