நான்காம் ஜாமம்

சென்ற பருவத்தில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். அவளுடைய தாயார் சிறுநீரகம் பழுதுபட்டு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். துணைக்குச் செல்பவள் இவளே. "மேடம், உங்கள் வீட்டிலும் அப்பா படுக்கையில் இருக்கிறார்களாமே. எப்படித் தாங்குகிறீர்கள்? கடவுள்மேல் உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டாள். அதற்குள் அடுத்த வகுப்பிற்கு மணி அடித்துவிட்டது. மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று இதழாசிரியர் கேட்டபோது, அவளுக்குரிய விடையையே எழுதித் தரலாமே என்று தோன்றியது. நான் கிறித்தவள், ஆதலின் விடையும் கிறித்தவ விடையாகவே இருக்கும். பிற சமயத்து மாணவச் செல்வங்கள் அதனைத் தத்தம் சமய மொழியில் பெயர்த்துக்கொள்ளத் தடையேதுமில்லை.

என் தந்தையார் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் நின்றவர். 2019 ஆம் ஆண்டில் ஒரு காலைப்பொழுது மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைபட்டு, வலக்கையும் வலக்காலும் பேச்சும் ஒருசேரப் போயின. உடலின் வலப்பாதியை மூளையின் இடப்பாதி ஆள்கின்றது. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடமும் அந்த இடப்பாதியே. அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் பறிபோகின்றன என மருத்துவர் விளக்கினார். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அந்த வாய், "தண்ணீர்" என்னும் ஒரு சொல்லைத் தேடித் தவித்தது.

தாயார் முன்னரே மறைந்தார். உடன்பிறந்தோர் எனக்கில்லை. பகலில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார், இரவு என்னுடையது. அசைய இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இன்றேல் இடுப்பெலும்பின் மீதும் குதிகாலிலும் தோல் சிவந்து, பின் கறுத்து, படுக்கைப்புண் ஆகிவிடும். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவது தவறக்கூடாது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று என் இரவு நான்கு துண்டுகளாயிற்று. மூக்குக் குழாய் வழியே கஞ்சி புகட்டிய நாள்களில் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும். புகட்டிய உடனே படுக்க வைத்தலாகாது. குழாயில் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதது அயர்வு ஒன்றே.

அயர்வு என்றால் உடல்வலி என்று எண்ணிக்கொள்கின்றார்கள். உடல்வலிக்குத் தைலம் உண்டு. நான் சொல்லும் அயர்வு வேறு. அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கண்ணாலே பார்த்துக்கொண்டு, அதை இறக்க வேண்டும் என்ற எண்ணம் எழாமலே நிற்பது. பத்தாண்டுகளாகப் பாடம் சொன்ன நூலின் ஆசிரியர் பெயர் கரும்பலகை முன் நினைவுக்கு வராதது. ஆலயத்தில் முழங்காற்படியிட்டால் ஜெபம் வராமல் தூக்கம் வருவது. இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் ஓர் இரவு, இரண்டு மணிப் புரட்டலை முடித்துவிட்டுத் தரையில் அமர்ந்து, "போதும் ஆண்டவரே, அவரையாவது என்னையாவது எடுத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இதை எழுதக் கூசவில்லை. ஏனெனில் இதே விண்ணப்பத்தைச் செய்த பெரியவர் ஒருவர் வேதத்தில் இருக்கின்றார். அவர் சாதாரணர் அல்லர். தீர்க்கதரிசிகளுள் தலைசிறந்தவரான எலியா. கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட அவர், யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகின்றார். பெயெர்செபாவில் தம் ஊழியனையும் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கின்றார். அப்படியே உறங்கியும் போகின்றார். சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான். ஆனால் அடுத்து நடப்பதைக் கவனித்துப் படித்தது அந்த ஆண்டில்தான்.

கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கின்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொள்கின்றார். இந்த இரண்டாம் உறக்கத்திற்கும் தடையில்லை! தூதன் இரண்டாம் முறை வந்து, பயணம் மிகுதி என்று சொல்லி மீண்டும் உண்ண வைக்கின்றான். அதன்பின் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே கேள்வியும் பதிலும் நிகழ்கின்றன. சோறும் தூக்கமும் முதலில், உபதேசம் பிறகு. பசித்தவனையும் துயிலிழந்தவனையும் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்யும் நம்மவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பார்களாக.

அந்த மழைக்காலத்து இரவுக்கு மறுநாள் காலை எதிர்வீட்டு ஆச்சி, தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். நெற்றி நிறையத் திருநீறு. எழுபதைக் கடந்த வயது. "ஏளா, மூஞ்சியப் பாரு, எப்படிக் கெடக்கு! நாலு இட்லியத் தின்னுட்டுப் போய்ப் படு. சார்வாளை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். அன்று சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குப் படுத்தவள் மாலை நான்குக்கு எழுந்தேன். ஆச்சி அப்பாவின் கால்மாட்டில் அமர்ந்து மெல்லத் தேவாரம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அப்பா நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். சிவபக்தையான ஆச்சி எனக்குத் தூதனா என்று ஐயுறுவோர், எலியாவின் வரலாற்றையே இரண்டு அதிகாரம் முன்னால் புரட்டிப் பார்க்கட்டும். பஞ்சகாலத்தில் அவருக்குச் சோறிட்டவள் சீதோன் நாட்டுச் சாரிபாத்தூர் விதவை. அவருடைய இனத்தாள் அல்லள். இயேசுநாதரே இதனை எடுத்துக்காட்டிப் பேசியிருக்கின்றார். கேட்டவர்கள் சினந்தார்கள் என்பது வேறு கதை.

இனி மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகின்றேன். கோபம் வரும். நன்றாகவே வரும். அதைக் கடவுளிடமே சொல்லலாம் என்பதைச் சங்கீதப் புத்தகம் எனக்குக் காட்டியது. நூற்றைம்பது சங்கீதங்களில் புகழ்ப்பாடல்கள் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் பலர். முறையீடுகள் ஏராளம். அவற்றுள்ளும் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88 ஆம் சங்கீதம் மட்டும் அவ்வாறு திரும்புவதே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகின்றது. இதற்கு ஓர் ஆறுதல் வரியேனும் சேர்த்துவிடலாம் என்று தொகுத்த முன்னோர் எண்ணவில்லை பாருங்கள்! அது அப்படியே இருப்பதுதான் எனக்குத் தேறுதல். நல்ல சொல் ஒன்றும் வாயில் வராத இரவிலும் அந்தச் சங்கீதத்தைப் படித்தால் ஜெபம் செய்ததாகிவிடுகின்றது.

நலம் விசாரிக்க வந்த ஒருவர், "விசுவாசம் இருந்தால் சார் எழுந்து நடந்திருப்பாரே" என்றார். அப்பாவுக்குப் பேச்சுத்தான் போயிற்றே தவிரச் செவி போகவில்லை. யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் உடன் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான். பேசத் தொடங்கியபின் கெட்டது. எங்கள் சபைக் குருவானவரோ மாதம் ஒருமுறை வீட்டிற்கே திருவிருந்து கொண்டுவருவார். அப்பத்தைத் துளியாகப் பிட்டு ரசத்தில் நனைத்து அப்பாவின் நாவில் வைப்பார். அதிகம் பேசமாட்டார்.

2021 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்வழி இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கைகால்களை அசைக்கும் பயிற்சிகளை எனக்குக் கற்றுக்கொடுத்தார். வலக்கை மீளவில்லை. ஆனால் வேறொன்று மீண்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் பாளையங்கோட்டையில் இளைஞர்கள் வீடுவீடாகப் பாடிவருவது வழக்கம். எங்கள் கூடத்தில் அவர்கள் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் 1774 இல் பிறந்து தஞ்சைக்குச் சென்று புகழ்பெற்றவர் சாஸ்திரியார். அப்பாவுக்கு அவர் பாடல்கள் மனப்பாடம். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது குழுவில் இல்லாத ஒரு குரல் கேட்டது. அப்பா பாடிக்கொண்டிருந்தார். ராகம் மட்டுமன்று; சொல்லும்! தண்ணீர் கேட்க இயலாதவர் ஒரு சரணம் முழுவதையும் பாடி முடித்தார். பாடிய பையன்கள் விழித்து நிற்க, நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மருத்துவரைக் கேட்டபோது, இதில் அதிசயமில்லை அம்மா என்றார். பேச்சை இழந்தவர்கள் பாடுவது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்ததே. இசைக்கு மூளையின் வலப்பாதி பெரிதும் துணை செய்கின்றது. அப்பாதி அவருக்குப் பழுதுபடவில்லை. காரணம் தெரிந்ததால் எனக்கு வியப்புக் குறையவில்லை. அழிந்த பாதிக்கு அப்பால் அழியாத பாதி ஒன்றை வைத்து, அதற்குள் பாட்டையும் வைத்தவர் யாரோ அவரை அன்று நான் மனமார வணங்கினேன்.

அந்தப் பாடகர் குழுவின் பையன்கள் இருவர், சனிக்கிழமைகளில் பத்து மணிப் புரட்டலையும் பன்னிரண்டு மணிப் புரட்டலையும் தாங்களே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எலியாவுக்கும் ஓரேபிலிருந்து திரும்பும்போது எலிசா என்ற துணை காட்டப்பட்டது. இயேசுநாதர் சிலுவையில் தொங்கும்போதே தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். தாயைப் பேணும் பொறுப்பை அவரே இன்னொருவர் கையில் தந்திருக்க, நான் இரண்டு புரட்டல்களைத் தருவதற்கு என்ன?

மற்ற ஆறு இரவும் என்னுடையவையே. உரோமர்கள் இரவை நான்கு ஜாமங்களாகப் பகுத்தார்கள். மாலை தொடங்கி எதிர்காற்றில் துடுப்பு வலித்துக் களைத்த சீடர்களிடம் இயேசு கடல்மேல் நடந்து வந்தது நான்காம் ஜாமத்தில், அதாவது விடியலுக்கு முந்திய மூன்று மணி நேரத்தில். அவர்கள் படும் பாட்டைக் கரையிலிருந்தே அவர் கண்டார் என்று மாற்கு எழுதுகின்றார். கண்டவர் ஏன் முதல் ஜாமத்திலேயே வரவில்லை என்று நான் அவரைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். விடை கிடைக்கவில்லை, கேட்பதையும் விடவில்லை. காற்று அடங்கியது அவர் படகில் ஏறிய பிறகுதான். அதுவரை அவர்கள் வலித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு மணிப் புரட்டல் கடினமானது, அப்பாவும் சிணுங்குவார். நான்கு மணிக்கு அவர் பெரும்பாலும் விழித்தே இருப்பார். நான் ஒரு பல்லவியைத் தொடங்கிக்கொண்டே அவர் தோளுக்கும் இடுப்புக்கும் கைகொடுப்பேன். அவர் அடுத்த அடியை எடுத்துக்கொள்வார். புரட்டி முடிப்பதற்குள் சரணம் முடிந்துவிடும். அதன்பின் ஆறு மணி வரை வேலையில்லை. ஐந்தரைக்குப் பால்காரர் மணியடிப்பார்.