ஆற்றங்கரையில் உம்மா

வாப்பா தம் துணிக்கடைக்குச் சரக்கு எடுக்கப் பாங்கொக் போனபோது, சென்ற விடுமுறையில் உம்மாவையும் என்னையும் அழைத்துச் சென்றார். கொண்டுபோன பணம் சரக்குக்கானது. ஊர் பார்க்க எஞ்சியது சொற்பமே.

அந்தச் சொற்பமே போதுமாக இருந்தது. சாவோ பிரயா ஆற்றில் செம்மஞ்சள் கொடிப் படகில் எத்தனை துறை கடந்தாலும் ஆளுக்கு 16 பாத்துதான். ஹாரூன் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சிறு கடையில் 'காவ் மொக் கை' சாப்பிட்டோம். மஞ்சள் சோறு, கோழி, பச்சைச் சட்னி. "நம்மட புரியாணிக்குத் தங்கச்சி போல" என்றார் உம்மா.

பின்னேரம் பிரா ஆதித் துறையில் இறங்கினோம். 1783இல் கட்டப்பட்ட பிரா சுமேன் கோட்டையை அடுத்து, ஆற்றோரமாக ஒரு பூங்கா. கட்டணம் இல்லை. வயதான பெண்கள் இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் நீட்டினார்.

"அடுப்படிய மறந்து இப்பிடி இருந்து எத்தின வருஷம் மகள்!"

எங்கள் ஊரிலும் ஆறு ஓடுகிறது. மாலையில் அதன் கரையில் அமர்ந்திருப்போர் ஆண்கள் மட்டுமே. உம்மாமார் உட்கார நாலு வாங்கும், கொஞ்சம் மரநிழலும், ஒரு விளக்கும் போதும். அதற்குப் பெரிய நகரமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம்.