இடையில் நிற்கும் இருவர்



பிள்ளைகளை விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பியுள்ள பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன். என் மகளின் கல்லூரியில் இணையம் நேரடியாகக் கிடைப்பதில்லை. மாணவியரின் கணினிகள் அனைத்தும் ஒரு பிராக்ஸி வழியாகவே வெளியே செல்கின்றன. அதற்கென ஒரு முகவரியும் 3128 என்னும் போர்ட் எண்ணும் தந்திருந்தார்கள். ஸ்குவிட் என்னும் பிராக்ஸி மென்பொருளின் வழக்கமான எண் அது.

அவளுடைய மடிக்கணினியிலுள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளின் இணைய ஸ்கேன் 'இயங்குகிறது' என்றே காட்டியது. ஆனால் விடுதியில் எத்தனை பக்கங்களைத் திறந்தாலும், சோதித்த பக்கங்களின் கணக்கு மட்டும் ஏறவில்லை. காரணம் எளியது. அது காவல் காத்தது 80, 443 ஆகிய இரு போர்ட்டுகளை மட்டுமே. பிராக்ஸியை அமைத்தபின் போக்குவரத்து முழுவதும் 3128 வழியே சென்றது. காவலர் முன்வாசலில் நிற்க, வருவோர் போவோரெல்லாம் கொல்லைப்புறத்தைப் பயன்படுத்துவது போன்ற நிலை. ஸ்கேன் செய்ய வேண்டிய போர்ட்டுகளின் பட்டியலில் 3128-ஐயும் சேர்த்தபின் கணக்கு ஏறத் தொடங்கியது. (எந்தப் போர்ட்டாயினும் தானே கண்டறியும் மென்பொருள்களும் உண்டு, அவளுடையது அத்தகையதன்று.) ஐகார் என்னும் தீங்கற்ற சோதனைக் கோப்பைப் பதிவிறக்கியும் பார்க்கலாம். கோப்பு கணினியில் இறங்கிய பின்னரே எச்சரிக்கை வருமாயின், அது கோப்புக் காவலின் வேலை. இணைய ஸ்கேன் அதனைப் பார்க்கவில்லை என்று பொருள்.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. பூட்டுக்குறியுள்ள தளங்களின் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டு வருகிறது. அதனைச் சோதிக்கும் பொருட்டு, தடுப்பு மென்பொருள் தன் மூலச் சான்றிதழைக் கணினியில் பதித்து, இடையில் நின்று கடிதத்தைப் பிரித்துப் படித்து, மீண்டும் ஒட்டி நம்மிடம் தருகிறது. பூட்டுக்குறியைச் சொடுக்கி, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அந்த மென்பொருளின் பெயரே அங்கிருக்கும். நம் கடிதத்தைப் பிரிப்பவர் அமானிதம் பேணுபவராக இருக்க வேண்டாமா? லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளும் இதே முறையைக் கையாண்டது 2015-இல் வெளியாயிற்று. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி இருந்ததால், அதனைக் கண்டெடுத்த எவரும் போலித் தளத்தை உண்மைத் தளமாகக் காட்ட இயலும். 2020-இல் அவாஸ்ட் நிறுவனம், பயனர்களின் உலாவல் விவரங்களை விற்றுவந்த தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட்டை மூட நேர்ந்தது.

ஆகவே வங்கித் தளத்தை ஸ்கேனின் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். பணம் செலுத்தும் வேலைகளைக் கல்லூரி இணைப்பில் செய்யாமல், தன் கைப்பேசியின் டேட்டாவிலேயே அவள் முடித்துக்கொள்கிறாள்.

"அதன் பதிவேட்டைத் திறந்தால் பிள்ளை எங்கெங்கு போகிறாள் என்பது தெரிந்துவிடுமே" என்றார் உறவினர் ஒருவர். துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்திருக்க, வைரஸுக்கென வைத்த காவலை மகளின் மீது திருப்ப எனக்கு மனம் இசையவில்லை. கேட்க வேண்டியதை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு வீடு வந்ததும் பிராக்ஸி அமைப்பை அணைக்க நினைவூட்டுங்கள். இல்லையேல் வீட்டு வைஃபை நன்றாக இருந்தும் உலாவியில் ஒரு பக்கமும் திறக்காது.